முன்னேஸ்வரக் கரை: கோயிலுக்கும் தீவுகளுக்கும் நடுவே

இலங்கையின் ஐந்து ஈசுவரங்களில் திருக்கோணேஸ்வரத்துக்கும் திருக்கேதீஸ்வரத்துக்கும் தேவாரப் பதிகங்கள் உண்டு. முன்னேஸ்வரத்துக்குப் பதிகம் கிடையாது. பாடல் பெற்ற தலம் என்ற பெருமை இல்லாததாலோ என்னவோ, தமிழ்நாட்டிலிருந்து வருகிற யாத்திரிகர்கள் இதை வழியில் இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போகும் இடமாகவே வைத்திருக்கிறார்கள். இலங்கைச் சுற்றுலாத்துறை இராமாயண வழித்தடம் என்று ஒன்றை வகுத்த பிறகு பஸ்கள் கூடியிருக்கின்றன, நிற்கும் நேரம் கூடவில்லை. வழிகாட்டி கதையைச் சொல்கிறார்: இராவணனைக் கொன்ற பாவம் துரத்த, புஷ்பக விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்த இராமர், இந்த இடத்துக்கு மேலே வந்ததும் தோஷம் விலகியதை உணர்ந்து இறங்கி வணங்கினார். அர்ச்சனைத் தட்டு, ஒரு சுற்று, ஒரு படம். பஸ் கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ புறப்பட்டுவிடுகிறது.

அதே சிலாபத்தைக் கடந்து வடக்கே போகும் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்குக் கற்பிட்டியில் டொல்பின் பார்க்க வேண்டும், காற்றாடிப் பலகையில் களப்பின் மேல் பறக்க வேண்டும். முன்னேஸ்வரம் என்ற பெயரே அவர்கள் காதில் விழுவதில்லை. ஒரே கரையை இரண்டு பயணத் திட்டங்கள் இரண்டு துண்டாக வெட்டி விற்கின்றன. சிலாபத்திலிருந்து கற்பிட்டித் தீவுகள் வரை, கோயிலும் ஆறும் குளமும் களப்பும் ஒன்றோடொன்று இணைந்தவை. அவற்றை இணைப்பவர்கள் கடலிலும் வயலிலும் உழைக்கிற சாதாரண மக்கள். இந்தக் கரையைத் துண்டுதுண்டாகப் பார்ப்பவர்கள் இதைப் பார்க்கவே இல்லை என்பதுதான் என் வாதம்.

கோயிலிலிருந்தே தொடங்கலாம். சிலாபம் நகரிலிருந்து குருநாகல் வீதியில் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் போனால் முன்னேஸ்வரம். நடுவில் முன்னைநாதரும் வடிவாம்பிகையும் உறையும் சிவன் கோயில். அதே வளாகத்தில் பிள்ளையாருக்கும் ஐயனாருக்கும் பத்திரகாளிக்கும் தனித்தனிக் கோயில்கள், ஒரு புத்த விகாரையும் உண்டு. புராணக் கதைகளை ஒதுக்கிவைத்தாலும் இந்த இடத்துக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் கோட்டை இராச்சியத்தை ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகு, முன்னேஸ்வரக் கோயிலுக்கும் அதன் பிராமணர்களுக்கும் உரிய நிலத்தை உறுதிசெய்து கல்வெட்டுப் பொறித்தான். அவன் பௌத்தன், தொட்டகமுவ ஸ்ரீ ராகுலரைப் போன்ற பெரும் பிக்குப் புலவர்களை ஆதரித்தவன். அவனுடைய வளர்ப்பு மகன் சப்புமால் குமாரன், நமக்குச் செண்பகப் பெருமாள், யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். வடக்கே படை நடத்திய அரசன் மேற்கே ஒரு சிவன் கோயிலுக்கு நிலம் கொடுத்தான். இன்றைய இனக் கணக்கை வைத்துக்கொண்டு இதைப் படித்தால் முரணாகத் தெரியும். அன்றைய அரசனுக்கு அது ஆட்சி நடத்தும் முறை. முத்துக் குளிப்பும் கடல் வணிகமும் நடக்கும் கரையில் செல்வாக்குள்ள ஒரு கோயிலைத் தன் பக்கம் வைத்திருப்பது எந்த மன்னனுக்கும் தேவைதான். அவனுக்குப் பின்னே ஒன்பதாம் பராக்கிரமபாகு செப்பேடு வழங்கி மேலும் நிலம் விட்டான்.

அடுத்த நூற்றாண்டில் எல்லாம் தலைகீழாயிற்று. கோட்டை அரசன் தர்மபாலன் 1557இல் கத்தோலிக்கன் ஆனான். கோயில் நிலங்கள் கைமாறத் தொடங்கின. 1578இல் போர்த்துக்கேயர் முன்னேஸ்வரத்தை இடித்தார்கள். சீதாவாக்கையின் முதலாம் இராஜசிங்கன் சைவத்தின் பக்கம் சாய்ந்தவன். அவன் காலத்தில் கோயிலுக்கு மீண்டும் ஆதரவு கிடைத்தது. 1602இல் இயேசு சபைக் குருமார் இலங்கைக்கு வந்தார்கள். கோயில் சொத்துகள் அவர்கள் கைக்குப் போயின. கோயிலின் அடித்தளத்தின் மேலேயே ஒரு சிற்றாலயம் எழுந்தது. இடிப்பதும் ஊரார் திரும்பக் கட்டுவதுமாக இரண்டு முறை நடந்தது.

1753 என்ற ஆண்டை இந்தக் கோயிலுக்குப் போகிற எவரும் மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கண்டியை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் முன்னேஸ்வரத்தைப் புதுப்பித்துக் கும்பாபிஷேகம் செய்வித்தது அந்த ஆண்டில். அதே 1753இல்தான் சியாமிலிருந்து வந்த உபாலி தேரரைக் கொண்டு, அற்றுப்போயிருந்த உபசம்பதாவை, அதாவது பிக்குகளின் முழுத் துறவேற்பை, கண்டியில் அவன் மீட்டெடுத்தான். இன்றும் இலங்கையில் சியாம் நிக்காய என்ற பெயரில் இருக்கும் பிக்கு மரபு அங்கிருந்து தொடங்குகிறது. நாயக்கர் வம்சத்தில் வந்து நெற்றியில் திருநீறு பூசிய இந்த அரசன், சிங்கள பௌத்தத்துக்கும் சைவத்துக்கும் ஒரே ஆண்டில் உயிர் கொடுத்தான். அந்தத் திருநீறே அவனுக்கு எதிரான குற்றச்சாட்டும் ஆயிற்று. 1760இல் பிக்குகளும் பிரதானிகளும் அவனைக் கொல்லச் சதி செய்தார்கள். அது தோற்றது. சதியில் சேர்ந்த சங்கத்தையே அவன் பின்னும் தொடர்ந்து ஆதரித்தான். ஆறு ஆண்டுகள் கழித்து, 1766 உடன்படிக்கையில், இந்தக் கரையை முழுதாக ஒல்லாந்தரிடம் இழந்தான். முன்னேஸ்வரத்தில் நாம் இன்று கும்பிடும் கோயில் அந்த இழப்புக்கு முந்திய கண்டியின் கடைசிக் கரையோரக் கொடைகளில் ஒன்று. எந்த வழித்தடத்திலும் இதைச் சொல்வதில்லை.

கோயிலுக்கு இன்று வருகிறவர்களில் பெரும்பாலோர் சிங்கள பௌத்தர்கள். சிவன் சந்நிதியிலும் அவர்களைப் பார்க்கலாம், காளி கோயிலில் நெரிசலே அவர்களால்தான். வடக்குப் பக்கத்துத் தமிழ்க் கோயில்களை மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு அங்கே நடப்பது புதிதாக இருக்கும். ஒரு பெண் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் மேல் கற்பூரம் எரிய, தாழ்ந்த குரலில் நெடுநேரம் முறையிடுகிறாள். பறிபோன காணியாக இருக்கலாம், ஏமாற்றிய கணவனாக இருக்கலாம், திருட்டாக இருக்கலாம். சொல்லி முடித்ததும் இரண்டு கைகளாலும் ஓங்கித் தேங்காயைக் கல்லில் அடிக்கிறாள். சிதறவில்லையென்றால் அவள் முகம் மாறிவிடுகிறது. நீதிமன்றத்துக்குப் போகப் பணமோ சாட்சியோ இல்லாதவர்களின் வழக்கு மன்றம் இது. மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1970களில் எழுதிய ஓர் ஆய்வில், இலங்கையில் வஞ்சினம் தீர்க்க மக்கள் போகும் தலங்களாக மூன்றை எடுத்துக்கொண்டார்: தெற்கே சீனிகம தேவாலயம், கஹட்டபிட்டிய பள்ளிவாசல், முன்னேஸ்வரக் காளி கோயில். மூன்று சமயத்துத் தலங்கள், வருகிறவர்களின் மனக்குறை ஒன்றே. ரொஹான் பாஸ்டின் 2002இல் முன்னேஸ்வரக் கோயில்களைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். இவ்வளவு ஆழமாக ஆராயப்பட்ட ஒரு கோயிலைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்கு எட்டியது மிகக் குறைவு.

காளிக்கு ஆடும் கோழியும் பலியிடும் வழக்கம் இங்கே நீண்ட காலம் இருந்தது. 2011இல் அமைச்சர் ஒருவர் நேரில் வந்து பலிக்குக் கொண்டுவந்த விலங்குகளை எடுத்துப்போனார். பிறகு விஷயம் நீதிமன்றத்துக்குப் போயிற்று. உயிர்ப்பலி நிற்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தச் சர்ச்சையின்போது முன்னேஸ்வரம் தேசியச் செய்தி ஆனதும், வேறெதற்கும் ஆகாததும் வருத்தம் தருகிறது. நூற்றாண்டுகளாக அரசர்கள் தந்த கொடையும், இருமுறை இடிபட்ட கோயிலை இருமுறை எழுப்பிய ஊராரின் பிடிவாதமும் அந்தச் சத்தத்தில் காணாமல் போயின.

ஆண்டுத் திருவிழா ஆவணியை ஒட்டி ஏறத்தாழ நான்கு வாரம் நடக்கும். இறுதியில் தீர்த்தம் மாயவன் ஆற்றில். வரைபடத்தில் தெதுறு ஓயா என்று போட்டிருக்கும் ஆறுதான் இது. மலைநாட்டின் வடமேற்குச் சரிவில் பிறந்து, 140 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, சிலாபத்தில் கடல் சேர்கிறது. சூளவம்சம் ஜஜ்ஜர நதி என்று சொல்லும் ஆறு. முதலாம் பராக்கிரமபாகு, முழு நாட்டுக்கும் அரசனாவதற்கு முன், தக்கிண தேசத்தை ஆண்ட காலத்தில் இதன் குறுக்கே அணைகளைக் கட்டினான் என்று அந்த நூல் விவரமாகச் சொல்கிறது. பொலன்னறுவையின் பராக்கிரம சமுத்திரத்தைப் பார்க்கப் போகிறவர்கள், அதைக் கட்டியவன் நீர் வேலையைப் பழகியது இந்த ஆற்றில்தான் என்பதை அறிந்து போனால் நல்லது.

முன்னேஸ்வரத்திலிருந்து சில கிலோமீட்டர் வடக்கே, அதே ஆற்றுப் பக்கம் மானாவரி. இராமர் பிரதிட்டை செய்ததாக மரபு சொல்லும் நான்கு லிங்கங்களில் முதலாவது இங்கே; மற்றவை கோணேஸ்வரம், கேதீஸ்வரம், இராமேஸ்வரம் என்பார்கள். சிறிய கோயில். முன்னேஸ்வரத்தின் நெரிசல் இல்லாமல் இலிங்கத்தின் முன் உட்கார்ந்திருக்கலாம். இராமாயண பஸ்கள் சில இங்கேயும் வருகின்றன. வருகிறவர்கள் கோயிலை விட்டு வெளியே வந்து ஆற்றையும் ஒருமுறை பார்க்க வேண்டும். தெதுறு ஓயாவில் பல ஆண்டுகளாக நடந்த மணல் அகழ்வு ஆற்றுப் படுகையைத் தாழ்த்தி, கரையை அரித்து, கடல் உப்பை உள்ளே ஏறவிட்டிருக்கிறது. சுவாமி தீர்த்தமாடும் ஆற்றுக்கே இந்த நிலை. புனிதத் தலம் என்று கோயில் கோபுரத்தை மட்டும் காப்பாற்றுவது போதாது என்பதை மானாவரியில் நேரே காணலாம்.

சிலாபத்துக்கு வடக்கே, புத்தளம் வீதிக்கும் கடலுக்கும் இடையே ஆனைவிழுந்தான். அடுக்கடுக்காக ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீர் வழியும் பழங்காலக் குளங்கள், அவற்றின் மேற்கே கண்டல் காடு, அதற்கப்பால் களப்பும் கடற்கரையும். நன்னீரும் உவர்நீரும் உப்புநீரும் நடந்து போகும் தூரத்துக்குள் அடுத்தடுத்து இருப்பதால் பறவைகளுக்கு இது பெரிய ஊர். 2001இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு ஏறத்தாழ 1,400 ஹெக்டேயர். காலையில் குளக்கட்டில் நடந்தால் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் தாழைக்கோழியும் எந்த வழிகாட்டியும் இல்லாமல் கண்ணில் படும்.

ஆனால் இந்தக் கரையில் இயற்கைக் காட்சி என்று ஒன்றைத் தனியே பிரித்து ரசிக்க முடியாது. 1980களிலிருந்து சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே இறால் பண்ணைகள் பரவின. கண்டலை வெட்டிக் குளம் தோண்டினார்கள். ஏற்றுமதிப் பணம் கொட்டியது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகளை அழித்தது. கைவிட்ட குளங்கள் உப்புப் பூத்த வெட்டவெளியாக இன்றும் கிடக்கின்றன. அங்கே நெல்லும் வராது, கண்டலும் தானாகத் திரும்பாது. 2020 ஆகஸ்டில் ஆனைவிழுந்தான் சரணாலயத்துக்குள்ளேயே இயந்திரம் கொண்டு கண்டலை அழித்த சம்பவம் நாடு முழுவதும் பேசப்பட்டது. அதே பகுதியில் இதற்கு எதிர்த்திசை முயற்சியும் நடந்திருக்கிறது. சிலாபம் களப்போரம் பம்பலவில் 2016இல் ஒரு கண்டல் அருங்காட்சியகம் திறந்தார்கள். உலகில் கண்டலுக்கென்று அமைந்த முதல் அருங்காட்சியகம் என்று அது அறியப்படுகிறது. சிறுமீனவர் அமைப்பான சுதீச, களப்போரப் பெண்களுக்குச் சிறுகடன் கொடுத்து, பதிலுக்கு அவர்கள் தம் ஊர்க் கண்டலைக் காவல் காக்கும் திட்டத்தை 2015இல் தொடங்கியது. இங்கே பிள்ளைகளை அழைத்துப்போய், கண்டல் விதை மரத்திலேயே முளைத்து, ஈட்டி போல நீண்டு, சேற்றில் குத்தி நிற்கும் வித்தையைக் காட்டலாம். முன்னேஸ்வரத்துக்கு வரும் பள்ளிக்கூடச் சுற்றுலாக்கள் இங்கேயும் அரை நாள் தங்கினால் எவ்வளவு நல்லது!

முன்னேஸ்வரத் திருவிழாவை நடத்தும் பொறுப்பில் பழைய உரிமையுள்ள ஊர்கள் இரண்டு: கோயிலை அடுத்த மரதன்குளமும், வடக்கே கடலோரத்து உடப்பும். மற்றைய சுற்றுப்புற ஊர்கள் காலப்போக்கில் மதம் மாறியும் மொழி மாறியும் கோயில் நிர்வாகத்திலிருந்து விலகிப் போயின. உடப்பு விலகவில்லை. சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் நடுவே, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் முந்தல் களப்பு, இடையில் ஒடுங்கிய மணல் திட்டு. அதில் தமிழ் பேசும் சைவ மீனவர் ஊர். இராமநாதபுரக் கரையிலிருந்து வந்தவர்கள் தம் முன்னோர் என்று உடப்பு மக்கள் சொல்வார்கள். இலங்கையின் மேற்குக் கரையில் சுற்றிலும் மொழி மாறிய பிறகும் தமிழையும் திரௌபதை அம்மனையும் இவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆடி மாதத்தில் திரௌபதை அம்மன் கோயிலில் 18 நாள் விழா நடக்கும். பாரதப் போரின் 18 நாட்களையும் நினைவூட்டும் கணக்கு அது. முடிவில் பூமிதிப்பு. விரதமிருந்து மஞ்சளாடை உடுத்த ஆண்களும் பெண்களும் தணலில் இறங்கி நடப்பதைக் காண அயலூர்ச் சிங்களவர்களும் கூட்டமாக வருகிறார்கள்.

உடப்பில் நான் எவரையும் பார்க்கச் சொல்வது கரைவலை. அதிகாலையில் வள்ளம் வலையோடு கடலுக்குள் போகும், ஒரு கயிற்றின் முனை கரையில் இருக்கும். பெரிய வளைவாக வலையை விட்டுக்கொண்டே போய், மறு முனைக் கயிற்றைத் தொலைவில் வேறோர் இடத்தில் கரை சேர்ப்பார்கள். பிறகு இரண்டு அணி, இரண்டு கயிறு. ஆட்கள் பின்னோக்கி நடந்து இழுப்பார்கள், கடைசி ஆள் கயிற்றை விட்டு முன்னே ஓடி மீண்டும் பிடிப்பான். இழுக்க இழுக்க இரண்டு அணிகளும் மெல்ல நெருங்கி வரும். மடி கரையைத் தொடும் முன்பே வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் கண் அதன் பாரத்தை மதிப்பிட்டுவிடும். அந்த இழுவைக்குத் தாளம் கொடுப்பது அம்பா. ஒருவர் அடி எடுக்க மற்றவர்கள் ஏலேலோ போடும் வேலைப்பாட்டு. உடப்பின் அம்பா இலங்கைத் தமிழ் நாட்டார் வழக்காற்றில் தனி மதிப்புள்ளது. இப்போது பல கரைகளில் உழவு இயந்திரத்தில் பூட்டிய சுழலி கயிற்றை இழுக்கிறது. ஆட்கூலி மிச்சம், உடம்புக்கும் நோவில்லை. இழுக்கிறவர்களுக்கு அது நிம்மதி என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் இயந்திரத்தின் இரைச்சலோடு யார் பாடுவார்கள்? வேலையிலிருந்து பிரிந்த அம்பா மேடைக்கு ஏறுகிறது. பாட்டு பிழைக்கும், இழுவையின் மூச்சோடு சேர்ந்த அதன் வேகம் பிழைக்காது. பதிவு செய்ய வேண்டியவர்கள் இன்னும் கரையில் கயிறு பிடித்தவர்களோடு நின்று பதிவு செய்ய வேண்டும்.

சுற்றிலும் மொழி மாறியது என்றேன். சிலாபம் முதல் நீர்கொழும்பு வரையான கத்தோலிக்கக் கரையில் இன்றும் முதியவர்கள் சிலர் வீட்டில் தமிழ் பேசுவார்கள். பேரப்பிள்ளைகள் சிங்களத்தில் மட்டும் படித்தவர்கள். கத்தோலிக்கப் பாடசாலைகள் கடந்த நூற்றாண்டின் நடுவில் சிங்கள மொழிமூலத்துக்கு மாறியது இதற்குப் பெரிய காரணம். இந்தக் கரை முன்பு எப்படி இருந்தது என்பதை அறிய நமக்கு ஒரு நல்ல துணை உண்டு. சைமன் காசிச்செட்டி 1807இல் கற்பிட்டியில் பிறந்தவர். புத்தளத்தில் மணியகாரராக இருந்தார், சட்டசபையில் தமிழருக்காக அமர்ந்தார், பின்னர் சிலாபத்தில் நீதிபதியாக இருந்தார். 1834இல் அவர் வெளியிட்ட இலங்கைக் கெசற்றியர் இந்தத் தீவின் ஊர்களையும் குளங்களையும் கோயில்களையும் அகரவரிசையில் அடுக்கிய முதல் பெரும் முயற்சிகளில் ஒன்று. 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் தமிழ் புளூட்டாக் எழுதினார். கத்தோலிக்கராக இருந்தும் கோயில், பள்ளிவாசல், விகாரை என்று எதையும் ஒதுக்காமல் எழுதியவர். கற்பிட்டிக்குப் போகிறவர்கள் டொல்பினை மட்டும் பார்த்துத் திரும்பும்போது, இந்தச் சிறு துறைமுகம் இப்படி ஒரு மனிதரைத் தந்தது என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

புத்தளத்தை அடைகிறோம். 1344இல் அரபுப் பயணி இபின் பதூதா கரையிறங்கிய இடம். பத்தால என்று அவர் சொல்லும் இந்த ஊரில் யாழ்ப்பாண அரசன் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அரசன் பாரசீகம் அறிந்தவன், முத்துக் குவியலைக் காட்டி விருந்தாளியிடம் பேசியவன். வெள்ளத்தில் அடித்து வந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குவிந்து கிடந்ததையும் பதூதா எழுதியிருக்கிறார். சிவனொளிபாத மலைக்குப் போகும் வழியில் பந்தர் சலாவத் என்று அவர் சொல்லும் துறையை ஆய்வாளர்கள் சிலாபம் என்று கொள்கிறார்கள். பின்னர் தெற்கு முனைக்குப் போனார். அங்கே தேவிநுவரயில், தொண்டீஸ்வரத்தின் ஊரில், ஆயிரம் அளவு பிராமணரும் யோகிகளும் நூற்றுக்கணக்கான ஆடல் பாடல் மகளிரும் இருந்த பெருங்கோயிலைக் கண்டதாகச் சொல்கிறார். அந்தக் கோயிலையும் பிற்காலத்தில் போர்த்துக்கேயர் அழித்தார்கள். வரலாற்றை நம்பிப் பயணத் தடம் வகுக்க விரும்புகிறவர்களுக்கு இவரைவிட உறுதியான வழிகாட்டி எங்கே கிடைப்பார்?

புத்தளத்திலிருந்து வடக்கே வில்பத்துக் காடு. சிறுத்தைக்காகப் போகிறவர்கள் பொன்பரிப்பைக் கடந்து போகிறார்கள். ஆதிச்சநல்லூரை நினைத்துக்கொள்ளுங்கள், அதே வகைத் தாழி அடக்கம் இங்கே. பெரிய மண் தாழிகளில் எலும்பு, கறுப்பு சிவப்புப் பானைகள், மணிகள், இரும்புக் கருவிகள். 1920களில் ஹோகார்ட் தோண்டினார், 1950களில் தொல்லியல் திணைக்களம் தோண்டியது, 1970இல் விமலா பெக்லி முறையாக அகழ்ந்து வெளியிட்டார். தென்பாண்டிக் கரைக்கும் இந்தக் கரைக்கும் நடுவே கடல் பிரிக்கவில்லை, சேர்த்தது என்பதற்கு இதைவிடப் பழைய சான்று இந்த மாவட்டத்தில் இல்லை. இன்னும் வடக்கே குதிரைமலை முனை. உரோமப் பேரரசன் கிளாடியஸ் காலத்தில், அன்னியுஸ் புளோகாமுஸ் என்பவரின் ஆள் காற்றில் அடிபட்டு இலங்கையின் ஒரு துறையில் ஒதுங்கியதாகப் பிளினி எழுதியிருக்கிறார். அந்தத் துறை குதிரைமலைதான் என்பது பல ஆய்வாளர்களின் முடிவு. போர்க்காலத்தில் வில்பத்து நீண்ட ஆண்டுகள் மூடிக் கிடந்து 2010இல் திரும்பத் திறந்தது. வாகனத்துக்குள் சிறுத்தையைத் தேடிக் கழியும் நாளில் பொன்பரிப்புக்கு அரை மணி நேரம் ஒதுக்கும்படி கேட்க வேண்டியது பயணியின் பொறுப்பு, கேட்காமல் கிடைக்காது.

சிலாபத்திலிருந்து வரும்போது, புத்தளத்துக்குச் சற்று முன்னால் பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் கற்பிட்டி நோக்கிய நீள முனை. வலப்பக்கம் புத்தளம் களப்பு, 300 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்தது. வழியில் உப்பளங்கள், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்கள் வந்து தங்கி வேரூன்றிய குடியேற்றங்கள், நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கி. இவற்றைக் கண்ணாடிக்கு வெளியே விட்டுவிட்டுப் போகக் கூடாது. தலவில் புனித அன்னம்மாள் ஆலயம் வரும். ஆடி ஆவணித் திருநாளுக்கு மரநிழலில் கூடாரமடித்து நாட்கணக்கில் தங்கும் பக்தர்களில் எல்லா மதத்தாரும் இருப்பார்கள். முன்னேஸ்வரத்தைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தர் 1667இலிருந்து 1676 வரை கட்டினார்கள். பவளக் கல்லும் சுண்ணாம்புக் கல்லும் சேர்ந்த சுவர், உள்ளே போர்த்துக்கேயர் கால ஆலயத்தின் எச்சம். புத்தளம் துறை வழியாகக் கண்டி அரசன் இந்தியாவோடு செய்த வணிகத்தை நெரிப்பதே நோக்கம். இன்று கடற்படையின் வசம் இருக்கிறது. அனுமதி கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

முனைக்கு அப்பால் சிதறிக் கிடக்கும் தீவுகள்: பத்தலங்குண்டு, உச்சமுனை, இப்பன்தீவு, காரைத்தீவு, முகத்துவாரம் என்று பதினான்கு. வெண்மணல், ஆழமில்லாத பச்சை நீர், மேற்கே பவளப் பாறைத் திட்டு. அந்தத் திட்டு 1992இல் கடல் சரணாலயம் ஆயிற்று. 1998இன் கடல் சூட்டில் அதன் பவளம் பெருமளவு வெளிறிச் செத்தது. தீவுகளில் மீனவரின் வாடிகள் இருக்கின்றன. ஓலைக் கொட்டில், காயும் கருவாடு, தூரத்திலிருந்து கொண்டுவந்து சேமித்த குடிநீர், ஒரு சிறு ஆலயமோ பள்ளிவாசலோ. இந்தப் பதினான்கு தீவுகளையும் சேர்த்து ஏறத்தாழ 4,000 ஏக்கரில் ஒருங்கிணைந்த சுற்றுலா வலயம் ஒன்றை அரசு திட்டமிட்டது. ஆயிரக்கணக்கான படுக்கைகள், கோல்ப் திடல், உள்ளூர் விமான இறங்குதளம் என்று வரைபடம் போட்டார்கள். வரைபடத்தில் வாடிகள் இல்லை. வள்ளம் இழுத்து வைக்கும் இடமும் வலை காயவைக்கும் இடமும் பறிபோகும் என்று மீனவர் எதிர்த்தார்கள். திட்டத்தின் பெரும்பகுதி கட்டப்படவில்லை. ஆனால் காணி குத்தகைகளும் வேலிகளும் சில இடங்களில் வந்துவிட்டன.

எதிர்த்தவர்களைச் சுற்றுலாவின் எதிரிகள் என்று சொன்னது பொய். ஐப்பசி கார்த்திகை தொடங்கிச் சித்திரை வரை இந்தக் கடல் அமைதியாக இருக்கும். டொல்பின் கூட்டம் கூட்டமாக வருவதும் அப்போதுதான், கரைவலையும் கடற்தொழிலும் நன்றாக நடப்பதும் அப்போதுதான். டொல்பின் காட்டக் கூட்டிப்போகும் படகுகள் மீன்பிடிப் படகுகளே, ஓட்டிகள் அதே ஊர்ப் பிள்ளைகள். சோளகம் எழும்பிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் களப்பின் மேல் காற்றாடிப் பலகைக்காரர்கள் வருகிறார்கள். அப்போது கடலுக்குப் போக முடியாத குடும்பங்களுக்கு அந்த வருமானம் பெரிய உதவி. ஒரே மனிதனுக்கு ஆண்டு முழுவதும் இரண்டு தொழில் இங்கே ஏற்கெனவே இருக்கிறது. அவனுடைய வாடிக்கும் வள்ளத்துறைக்கும் எழுத்தில் உரிமை கொடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் மணலில் எத்தனை படுக்கை போடலாம் என்று பிறகு கணக்கிடட்டும்.

போக விரும்புகிறவர்கள் சிலாபத்தில் தங்குங்கள். ஆடியில் போனால் உடப்பின் பூமிதிப்பு, ஆவணியை ஒட்டிப் போனால் முன்னேஸ்வரத் திருவிழா. அமைதியான கடலும் கரைவலையும் தீவுகளும் வேண்டுமென்றால் மார்கழிக்குப் பின். கோயிலில் காலைப் பூசையோடு நிறுத்தாமல் மாலையில் காளி சந்நிதிக்கும் போங்கள். தீவுக்குப் போகும் படகை அந்த ஊர் மீனவரிடமே பேசி எடுங்கள், வாடியில் இறங்குமுன் அங்குள்ளவர்களிடம் கேளுங்கள், குடிக்கும் தண்ணீரை நீங்களே கொண்டுபோங்கள். அங்கே ஒவ்வொரு கலனும் படகில் ஏற்றி வந்தது.